தெரிந்தவர் கட்டவும்

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவருக்கு அறியாமையைப் போல மலிவான வைத்தியம் வேறில்லை. நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சட்டத்தில் 1972-இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது, எண் 1879. ஒரு பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ ‘இது அவசியமில்லை’ என்று மெடிகேர் கைவிரித்துவிட்டால் அந்தப் பில்லை யார் தலையில் கட்டுவது என்று அந்தப் பிரிவு தீர்மானிக்கிறது. பணம் வராது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரிய வழியில்லை என்றால், போகட்டும் என்று அரசே கட்டிவிடும். டாக்டருக்குத் தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் நஷ்டம் டாக்டருக்கு. டாக்டர் சொல்லி, நோயாளி தெரிந்துகொண்டுவிட்டாரா? பில் நோயாளிக்கு.

நோய் அதேதான். ஊசி அதேதான். ஊசி போட்ட கையும் அதேதான். மாறியது ஒன்றுதான்: கிழவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்ட குற்றத்துக்கு அபராதம்.

இப்படி ஒரு சட்டம் இருக்கும்போது புத்தியுள்ள பில்லிங் ஆபீஸ் என்ன செய்யும்? முதியோர் கல்வியில் இறங்கும். இறங்கிவிட்டது.

பாடப்புத்தகம் ஒரே பக்கம். எண் சி.எம்.எஸ்.-ஆர்-131. காப்பீடு கிடைக்காமல் போகலாம் என்பதற்கான முன்னறிவிப்பு. ஆஸ்பத்திரிப் பேச்சில் ஏ.பி.என். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. மேலே தருகிறவர் பெயரும் பெறுகிறவர் பெயரும். நடுவில் என்ன சோதனை, மெடிகேர் ஏன் தராது, எவ்வளவு ஆகும் என்று மூன்று கட்டங்கள். கீழே டிக் அடிக்க மூன்று சதுரங்கள். அடியில் கையெழுத்து, தேதி. வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை, மெடிகேர் வைத்த கெடு வருவதற்கு முன்பே எடுக்கிற சர்க்கரைப் பரிசோதனை என்று சில்லறை விஷயங்களில்தான் அநேகமாக இந்தக் காகிதம் நீளும்.

அதில் அச்சாகியிருக்கிற ஒரு வாக்கியத்தின் சாரம் இது: மெடிகேர் எல்லாவற்றுக்கும் பணம் தருவதில்லை, உங்களுக்குத் தேவை என்று நீங்களோ உங்கள் டாக்டரோ நினைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிற சிகிச்சைகளில்கூடச் சிலவற்றுக்குத் தருவதில்லை. இன்னொருமுறை படித்துப் பாருங்கள். தேவையில்லை என்று அது சொல்லவில்லை. தேவைதான், காரணமும் நல்ல காரணம்தான், ஆனாலும் தரமாட்டோம். ஓர் அரசாங்கம் இவ்வளவு நேர்மையாகத் தன் கிழவர்களைக் கைகழுவி நான் பார்த்ததில்லை. நம்மூர் அலுவலகமாக இருந்தால் ‘ஃபைல் மேலே போயிருக்கு, வந்துடும்’ என்று ஒரு பொய்யாவது சொல்லி மனசைத் தேற்றி அனுப்புவார்கள்.

அப்புறம் அந்த மூன்று சதுரங்கள். முதலாவது: எனக்கு இது வேண்டும், மெடிகேருக்கும் பில் அனுப்புங்கள், அவர்கள் தராவிட்டால் நான் கட்டுகிறேன், ஆனால் மேல்முறையீடு செய்ய எனக்கு உரிமை உண்டு. இரண்டாவது: வேண்டும், மெடிகேருக்கு அனுப்பவேண்டாம், நானே கட்டுகிறேன், மேல்முறையீட்டுக்கு வழியில்லை. மூன்றாவது: எனக்கு இந்தச் சிகிச்சையே வேண்டாம். சுதந்திர நாடு, தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. கட்டிவிட்டுச் சண்டை போடலாம், சண்டை போடாமல் கட்டலாம், கட்டாமல் நோயோடு வீட்டுக்குப் போகலாம். நான்காவதாக, ‘என் டாக்டருக்கே இது தேவை என்று தெரிகிறதே, நீங்கள் யார் மறுக்க?’ என்று ஒரு சதுரம் போடலாம்தான். பக்கத்தில் இடம் போதாது.

எவ்வளவு ஆகும் என்ற கட்டத்தைத் தனியாகக் கொண்டாடவேண்டும். அதில் எழுதுவது ‘நல்லெண்ண மதிப்பீடு’. உண்மையான செலவிலிருந்து 100 டாலரோ 25 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவுக்கு விலகியிருந்தாலும் குற்றமில்லை. அதாவது 20 டாலர் என்று எழுதிக்கொடுத்து, 120 டாலருக்குப் பில் வந்தாலும் நல்லெண்ணத்துக்கு ஒரு குறையும் வராது. ஆறு மடங்கு நல்லெண்ணம். கோயம்பேட்டில் தக்காளி விலையை இப்படிச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நல்லெண்ணம் திரும்பி வருகிறது என்று தெரியும்.

விதிகளைப் படித்தால் கண்ணீர் வரும், அவ்வளவு கருணை. யோசிக்க அவகாசம் இருக்கும்படி முன்னதாகவே தரவேண்டும். அவசர சிகிச்சையில் துடிக்கிறவரிடம் நீட்டக்கூடாது. வருகிறவர் எல்லோரிடமும் மொத்தமாக எழுதி வாங்கக்கூடாது. நோயாளிக்குப் பதிலாக ஊழியரே டிக் அடித்துக் கொடுக்கக்கூடாது. கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். இதை எழுதியவர் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்திருக்கமாட்டார். முந்தின ராத்திரி ஒன்பது மணியிலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் படாத வயிறு. காலைக் காபி இல்லாததால் விண்விண்ணென்று தெறிக்கிற தலை. கைச்சட்டையை மடித்து ரப்பர் பட்டையும் கட்டியாகிவிட்டது. அப்போது அட்டையில் செருகிய ஒரு காகிதம் வருகிறது, பேனா நூலில் தொங்குகிறது. ‘சும்மா ஃபார்மாலிட்டிதான்’ என்று அந்தப் பெண் சிரிக்கிறாள். அவள் மேல் தப்பில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் பதினொரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிமிஷத்தில் நம் பாட்டி மேல்முறையீட்டு உரிமை உள்ள சதுரம் எது, இல்லாத சதுரம் எது என்று சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுத்தார் என்று கோப்பில் பதிவாகிறது.

கோப்பில் வேறு என்ன பதிவாகிறது என்பதும் தெரிந்துகொள்ளவேண்டியதுதான். மெடிகேருக்குப் போகிற பில்லில் இரண்டெழுத்துக் குறிகள் உண்டு. ஜி.ஏ. என்றால்: பணம் வராது என்று எனக்குத் தெரியும், கிழவியிடம் எழுதி வாங்கிவிட்டேன். ஜி.இஸட். என்றால்: வராது என்று தெரியும், எழுதி வாங்கவில்லை. இந்த இரண்டாவது குறியைப் பார்த்ததும் படிக்காமலே நிராகரித்துவிடுவார்கள், நோயாளியிடமும் வசூலிக்க முடியாது. ஆக, பாட்டியின் ரத்தத்தில் எவ்வளவு வைட்டமின் இருந்தது என்பதைவிட, காகிதத்தில் எவ்வளவு மை இருந்தது என்பதே ஆஸ்பத்திரியின் கவலை.

இது நோயாளிக்காகச் செய்த ஏற்பாடு என்று இன்னும் நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். காது கேட்கும் கருவி, பல்செட், மூக்குக்கண்ணாடி, ஒன்றும் இல்லாதபோது வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைத் தட்டிக்கொட்டிப் பார்க்கிற சாதாரணப் பரிசோதனை – வயசானவர்களுக்கு வேண்டிய இதையெல்லாம் பழைய மெடிகேர் சட்டம் ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்துவிட்டது. கருவிகள் பல சமயம் ஆயிரக்கணக்கான டாலர். இவற்றுக்கு முன்னறிவிப்பு கட்டாயமா? இல்லை. விரும்பினால் தரலாம். ஏன் என்றால், இவற்றைச் சட்டமே விலக்கிவிட்டதால் பில் எப்படியும் கிழவர் தலையில்தான்; ஆஸ்பத்திரி நஷ்டப்படப் போவதில்லை. யாருக்கு நஷ்டம் வரும் இடத்தில் மட்டும் காகிதம் கட்டாயமோ, காகிதம் அவருக்காகத்தான்.

1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தில், இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில், அதிபர் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டையைப் பெற்றவர் முன்னாள் அதிபர் ட்ரூமன், அப்போது 81 வயது. அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். பெரியவர் மூக்கில் தடித்த கண்ணாடி. கையில் கிடைத்த அட்டையில் அடங்காத பொருள் எதுவோ, அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த அட்டையைப் படித்திருப்பார்.

இதுவரை சொன்னது சில்லறை. நோட்டுக்கு வருவோம்.

நியூ ஜெர்சி, எடிசன். மகன் வீட்டில் இருக்கிற 78 வயது அப்பா ஒருவரை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசு கேட்டு வருகிற பில்லில் ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்புவதில் கை தேர்ந்தவர். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனதும் மகன் அவருக்கு மெடிகேர் வாங்கினான். வாங்கினான் என்றால் நிஜமாகவே காசு கொடுத்து. அந்த நாட்டில் வேலை பார்த்து வரி கட்டாதவருக்கு 2025 கணக்கில் ஆஸ்பத்திரிக்கான ‘ஏ’ பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டருக்கான ‘பி’ பகுதிக்கு 185 டாலர். அப்பா ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பில் கீறல், ஆபரேஷன் வேண்டாம். ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி, எக்ஸ்ரே, அப்புறம் மூன்றாவது மாடியில் ஒரு படுக்கை. பின்பக்கம் திறந்த அங்கி, மணிக்கட்டில் பட்டை, கையில் டிரிப்ஸ், உப்பில்லாத சூப். மறுநாள் சாயங்காலம் ஒருவர் வேறொரு காகிதத்தோடு வந்து, பிரியமாகக் கட்டிலோரம் நின்று, வாய்மொழியாகவும் விளக்குகிறார். மகன் மொழிபெயர்க்கிறான்.

“அப்பா, நீங்க இன்னும் அட்மிட் ஆகலையாம்.”

“படுத்துக்கிட்டுத்தானடா இருக்கேன்?”

“அப்சர்வேஷன்ல இருக்கீங்களாம். அவுட்பேஷண்ட்னுதான் கணக்காம்.”

“சரி, இந்த ஆர்டரை எதிர்த்து அப்பீல் யாருக்குப் போடணும்?”

“அப்பீல் கிடையாதாம்ப்பா.”

“அப்பீல் இல்லைன்னா கையெழுத்து எதுக்கு?”

“சொல்லிட்டாங்கங்கிறதுக்கு.”

அப்பா பேனாவை மூடிவைத்துவிடுகிறார். போடமாட்டேன் என்கிறார். கருவூல ரத்தம். அதற்கும் விதி இருக்கிறது: நோயாளி மறுத்தால், ‘மறுத்துவிட்டார்’ என்று ஆஸ்பத்திரி ஊழியரே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதிவிடலாம். சொன்னதாக ஆகிவிடும்.

பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, சாம்பார் ரசம் எல்லாம் ஊற்றியபிறகு, ‘நீங்கள் விருந்துக்கு வந்தவர் இல்லை, பந்தியை வேடிக்கை பார்க்க வந்தவர், இலைக்குக் காசு தனி’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அப்சர்வேஷன். படுக்கை அதே, நர்ஸ் அதே, டாக்டர் அதே. கணக்குப் புத்தகத்தில் மட்டும் அப்பா ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிறார். ‘ஏ’ பகுதிக்குப் பதிலாக ‘பி’ பகுதியில் பில் ஏறும். ஒவ்வொன்றிலும் அவர் பங்கு தனித்தனியாகக் கழியும். வீட்டில் தினமும் போடுகிற பிரஷர் மாத்திரையை அங்கே நர்ஸ் எடுத்துக்கொடுத்தால், அது ‘தானாகப் போட்டுக்கொள்ளும் மருந்து’. ‘பி’ பகுதி பொதுவாக அதற்குப் பணம் தராது. பையில் இருக்கிற சொந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்றால், பல ஆஸ்பத்திரிகள் அனுமதிப்பதில்லை, பாதுகாப்புக் காரணமாம்.

நிஜமான அடி அதற்கப்புறம். மூன்றாம் நாள் அப்பாவை முறைப்படி அட்மிட் செய்கிறார்கள். அதே படுக்கைதான், ஒரு அங்குலம் நகர்த்தவில்லை. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ்: நடக்கப் பழக்க ரீஹாப் மையத்துக்குப் போங்கள் என்கிறார்கள். ரீஹாபில் முதல் 20 நாளுக்கு மெடிகேர் முழுப்பணமும் தரும், நூறு நாள்வரைக்கும் ஒரு பகுதி தரும். ஒரே நிபந்தனை, தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்கவேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் கழித்தது நான்கு ராத்திரி. சட்டத்தின் கண்ணில் இரண்டு. மீதி இரண்டு ராத்திரி அவர் எங்கே இருந்தார் என்பது மெடிகேருக்குத் தெரியாது. ரீஹாப் மையத்தில் ஒரு நாளைக்குச் சில நூறு டாலர். முழுவதும் கைக்காசு.

இந்தக் கூத்து எங்கிருந்து வந்தது? மூன்று நாள் நிபந்தனை 1965-ஆம் வருஷத்துச் சரக்கு. முதியவர்கள் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்த காலம் அது. பின்னால், அநாவசியமாக அட்மிட் செய்ததற்குக் கொடுத்த பணத்தைப் பிடுங்கித் தருவதற்கென்று அரசு தணிக்கை கம்பெனிகளை ஏவியது. பிடுங்கியதில் அவர்களுக்குக் கமிஷன். ஆஸ்பத்திரிகள் பயந்தன. அட்மிட் செய்தால்தானே வம்பு, அப்சர்வேஷன் என்று எழுதிவிட்டால் தணிக்கைக்காரன் தொந்தரவில்லை. 2013 அக்டோபரில் இன்னொரு விதி வந்தது: நோயாளி இரண்டு நள்ளிரவைத் தாண்டுவார் என்று டாக்டர் எதிர்பார்த்தால் அட்மிஷன், இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்சர்வேஷன். ஆக டாக்டர் முதலில் பார்க்கவேண்டியது நாடியை அல்ல, கடிகாரத்தை. சாயங்காலம் ஆறு மணிக்கு விழுந்தவருக்கும் அர்த்தராத்திரி ஒரு மணிக்கு விழுந்தவருக்கும் ஒரே எலும்பு, ஆனால் வேறு வேறு விதி. விழுகிறவர்கள் நேரம் பார்த்து விழவேண்டும். பஞ்சாங்கம் நம்மிடம் உண்டு, எமகண்டம் ராகுகாலத்தோடு மெடிகேர் காலத்தையும் சேர்த்துப் போடச்சொல்லலாம்.

கிழவர்களின் கூக்குரல் வாஷிங்டனுக்குக் கேட்காமலில்லை. கேட்டது. 2015-இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு சட்டம் வந்து 395-க்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை. எதற்கெடுத்தாலும் குடுமிப்பிடி போடுகிற இரண்டு கட்சியும் கைகோத்துக்கொண்டன. செனட்டும் சரி என்றது. ஆகஸ்ட் 6-இல் ஒபாமா கையெழுத்திட்டார். அப்சர்வேஷன் ராத்திரிகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றா சட்டம் போட்டார்கள்? இல்லையே. அப்சர்வேஷனில் 24 மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறவருக்கு, 36 மணி நேரத்துக்குள் ‘நீங்கள் அப்சர்வேஷனில் இருக்கிறீர்கள்’ என்று சொல்லவேண்டுமாம். 2017 மார்ச்சிலிருந்து அமல். அப்பா கட்டிலோரம் வந்தது அந்தக் காகிதம்தான்.

கிணற்றில் விழுந்தவர்கள் கத்தினார்கள். நாடே கூடி, ஒருமனதாக, ஓட்டெடுப்பு நடத்தி, ‘நீ கிணற்றில் இருக்கிறாய்’ என்று எழுத்துமூலம் தெரிவிக்கத் தீர்மானித்தது. கயிறு செலவு. காகிதம் செலவில்லை.

சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-இல் போட்ட வழக்கு, 2020-இல் தீர்ப்பு, 2022-இல் மேல்கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. முதலில் அட்மிட் செய்துவிட்டு, பின்னால் ஆஸ்பத்திரியே அப்சர்வேஷன் என்று மாற்றியிருந்தால், அவர்களில் ஒரு பகுதியினருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. 80 வயதில் வழக்குப் போட்டவர் 94-இல் பலனை அனுபவிக்கலாம், இருந்தால். 2025 பிப்ரவரியில் அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது. எந்த உருவத்தில் வந்தது என்று ஊகித்திருப்பீர்கள். இன்னொரு படிவம். நம் அப்பாவைப் போல ஆரம்பத்திலிருந்தே அப்சர்வேஷனில் போட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

மூன்று நாள் நிபந்தனையை எடுத்தால் கஜானா காலியாகிவிடும் என்பார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எடுத்தார்கள். 2023 மே 11 வரைக்கும், மூன்று வருஷத்துக்கு மேல், எத்தனை ராத்திரி என்று கேட்காமலே ரீஹாபுக்குப் பணம் தந்தார்கள். அமெரிக்கா இடிந்து விழவில்லை. கிருமி அடங்கியதும் மே 12 முதல் பழையபடி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

இந்த அசல் மெடிகேரே வேண்டாம் என்று பாதிக்கு மேற்பட்ட முதியவர்கள் தனியார் கம்பெனிகள் நடத்துகிற மெடிகேர் அட்வான்டேஜுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏ.பி.என். காகிதம் செல்லாது, பல சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும். 2022-இல் சுமார் 34 லட்சம் கோரிக்கைகளை முழுசாகவோ பாதியாகவோ மறுத்தார்கள். பத்தில் ஒன்றுக்குத்தான் மேல்முறையீடு போனது. போனவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் கம்பெனியே பின்வாங்கியது. கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், கேட்கமாட்டார்கள் என்பதில்தான் வியாபாரம் நிற்கிறது. மூட்டுவலியோடு ஃபோனில் நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்டுக் காத்திருக்க எத்தனை கிழவருக்குத் தெம்பிருக்கும் என்று யாரோ ஒருவர் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்தக் கணக்கு அரசுக்கும் பிடித்துப்போயிற்று. 2026 ஜனவரியிலிருந்து நியூ ஜெர்சி, டெக்சாஸ் உட்பட ஆறு மாநிலங்களில் அசல் மெடிகேரிலேயே சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதி பார்க்கிற சோதனைத் திட்டம். பார்ப்பது செயற்கை நுண்ணறிவை வைத்திருக்கும் கம்பெனிகள். அவர்களுக்குக் கூலி, மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கு. தணிக்கைக் கம்பெனிக்குக் கமிஷன் கொடுத்ததால்தான் ஆஸ்பத்திரிகள் கிழவர்களை அப்சர்வேஷனில் ஒளித்துவைக்க ஆரம்பித்தன. அதிலிருந்து கற்ற பாடம், கமிஷனை எந்திரத்துக்கும் நீட்டிப்பது. மனிதன் என்றால் ஒருவேளை அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்துத் தொலைத்துவிடுவான்.

ஒரு சின்ன மசோதா இருக்கிறது. கனெக்டிகட்டிலிருந்து வந்த ஜோ கோர்ட்னி என்ற உறுப்பினர் வருஷக்கணக்காக, சபை மாறமாற, திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். அப்சர்வேஷனில் கழித்த நேரத்தையும் அந்த மூன்று நாளில் சேர்த்து எண்ணவேண்டும், அவ்வளவுதான் விஷயம். இரண்டு கட்சியிலும் ஆதரிக்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் கமிட்டிக்குப் போகும், சபையின் காலம் முடியும், மசோதா செத்துப்போகும். தெரிவிப்பதற்கு 395 ஓட்டுக் கிடைத்த அதே கட்டடத்தில், எண்ணுவதற்கு ஓட்டெடுப்பு நடத்தக்கூட நேரம் கிடைத்ததில்லை. அடுத்தமுறை அதை அச்சடிக்கும்போது முதல் பக்கத்திலேயே மூன்று சதுரங்களும் போட்டு, அவர்கள் கிழவர்களுக்குக் கொடுக்கிற அதே வாசகத்தைச் சேர்த்துவிடலாம்: இதற்குத் தேவை இருக்கிறது என்று நீங்கள் நினைக்க நல்ல காரணம் இருக்கலாம், ஆனாலும் இது நிறைவேறாது என்று எதிர்பார்க்கிறோம், கீழே கையெழுத்திடவும்.